வைரம் பிடிக்கவில்லை, பேட்டரி வாட்ச் பிடிக்கிறது: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. பல வருடச் சேமிப்பில் எனக்கென்று ஒரு நல்ல வாட்சும் ஒரு மோதிரமும் வாங்க நினைக்கிறேன். தங்கத்தில், செவ்வக டயல் வைத்த சின்ன குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றின் மேல் மனம் போயிருக்கிறது. மெல்லிசாக இருக்கிறது, சட்டைக் கைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. ரோமன் எண்கள் மூலைகளை நோக்கிச் சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் என் தம்பிக்கு வாட்ச் என்றால் உயிர். "பேட்டரி வாட்சுக்கா இவ்வளவு பணம்? ஸ்டீல் ஆட்டோமேட்டிக் வாங்கு, அது முதலீடு" என்கிறான். மோதிரத்தில் எனக்கு வைரம் வேண்டாம். வைரமே விளம்பரக்காரர்கள் கட்டிய கதை. தோழிகள் எல்லாரும் ஒரே மாதிரி மோதிரத்தை நீட்டிக் காட்டுவதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஆய்வகத்தில் உருவாக்கிய மரகதம் போதும், தினமும் போட்டுக்கொள்வேன். ஒரு தோழி அதைப் போலி என்கிறாள். எனக்கு ரசனை இல்லையா? அல்லது எல்லாருக்கும் பிடித்ததை வேண்டாம் என்பதே என் ரசனையாகிவிட்டதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நகைகளையும் வாட்சுகளையும் மதிப்பிடுவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாக இதைச் செய்கிறேன். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

வாட்சைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். தம்பி வந்து பேசத் தொடங்கும் வரைக்கும் அந்த வரிகளில் மனிதர்களே இல்லை. மெல்லிசு, சட்டைக் கை, சாய்ந்து நிற்கும் எண்கள், இவ்வளவுதான். நீங்கள் அந்த வாட்சைப் பார்த்திருக்கிறீர்கள், கையில் போட்டும் பார்த்திருக்கிறீர்கள். இப்போது வைரத்தைப் பற்றிய வரிகளுக்கு வாருங்கள். விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள், தோழிகள் இருக்கிறார்கள், எரிச்சல் இருக்கிறது. கல்லைக் காணோம். அது என்ன நிறம், எப்படி மின்னியது, எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று ஒரு சொல் இல்லை.

அதனால் என் விடை இரண்டாகப் பிரிகிறது. வாட்ச் விஷயத்தில் உங்களுக்கு இருப்பது ரசனை. அதை யாருக்காகவும் மாற்ற வேண்டாம். வைர விஷயத்தில் உங்களுக்கு இருப்பது மனிதர்களைப் பற்றிய ஓர் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் சரியாகவே இருக்கலாம், ஆனால் கல்லை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஊரே வாங்குகிறது என்று வாங்குபவரும், ஊரே வாங்குகிறது என்பதற்காகவே வேண்டாம் என்பவரும் ஊரைத்தான் பார்க்கிறார்கள்.

முதலில் வாட்ச். உங்கள் தம்பி சொல்வது இன்று வாட்ச் பிரியர்கள் நடுவே பொதுக் கருத்து. கையால் சாவி கொடுப்பதும், கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கும், அதாவது சுருள்வில்லில் ஓடும் மெக்கானிக்கல் வாட்சுகள்தான் உண்மையான வாட்ச், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் பொம்மை என்பார்கள். இந்தக் கருத்து எப்போது பிறந்தது என்று தெரிந்தால் உங்கள் மனம் லேசாகும்.

உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை செய்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. ஆஸ்ட்ரான் என்று பெயர். வந்ததே 18 கேரட் தங்கத்தில்தான். அன்றைக்கு அதுதான் உச்சகட்ட ஆடம்பரம். சுவிஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பல நிறுவனங்கள் கூடிச் செய்த பீட்டா 21 என்ற குவார்ட்ஸ் இயந்திரம் 1970ல் வந்தது, ரோலெக்ஸும் படெக் பிலிப்பும் அதைத் தங்க வாட்சுகளில் போட்டு விற்றன. அப்புறம்தான் குவார்ட்ஸ் மலிவானது. சுவிஸ் வாட்ச் தொழிலில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அது ஏறக்குறைய 30,000 ஆகச் சுருங்கியது. துல்லியத்தில் குவார்ட்ஸை ஜெயிக்க முடியாது என்று ஆன பிறகு, வேறு ஒரு காரணத்தைச் சொல்லித்தான் மெக்கானிக்கல் வாட்சை விற்க வேண்டியிருந்தது. பிளாங்பான் என்ற பழைய பெயரை 1980களின் தொடக்கத்தில் வாங்கியவர்கள், நாங்கள் குவார்ட்ஸ் வாட்ச் செய்ததே இல்லை, இனிச் செய்யவும் மாட்டோம் என்று விளம்பரம் செய்தார்கள். அபாரமான விளம்பரம். கைவேலை, பாரம்பரியம், உயிருள்ள இயந்திரம் என்ற பேச்சுக்கு அது பெரிய பலம் கொடுத்தது. வைரத்தின் புகழ் விளம்பரத்தால் கட்டப்பட்டது என்கிறீர்களே, உங்கள் தம்பியின் நம்பிக்கையிலும் விளம்பரத்தின் பங்கு கணிசமாக உண்டு.

இதைச் சொல்வதால் மெக்கானிக்கல் வாட்சை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கையில் இருப்பதே தினமும் காலையில் சாவி கொடுக்கும் வாட்ச்தான். அந்தச் சின்னத் திருகை விரல் நுனியில் உருட்டும்போது உள்ளே சுருள் இறுகுவது விரலுக்குத் தெரியும், அதற்காகவே போடுகிறேன். நேரத்துக்காக அல்ல. துல்லியத்துக்காகக் கொடுக்கும் குரோனோமீட்டர் சான்று வாங்கிய மெக்கானிக்கல் இயந்திரமே ஒரு நாளைக்கு 4 வினாடி பின்தங்கலாம், 6 வினாடி முந்தலாம் என்பதுதான் சுவிஸ் சோதனையின் வரம்பு. சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாதத்தில் 15 வினாடி தவறினாலே அதிகம். கிராண்ட் செய்கோவின் நல்ல குவார்ட்ஸ் இயந்திரம் வருடத்துக்கே 10 வினாடிதான்.

அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதே எனக்கு ஓர் அழகான விஷயம். உள்ளே இசைக்கவை போல இரண்டு காலுடன் ஒரு துளி குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டதும் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த விசித்திரமான எண்? அதைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை செய்தால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் முள்ளின் ஒரு துடிப்பு. இதில் உயிர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சின்ன அளவைப் பற்றியும் கவலை வேண்டாம். படெக் பிலிப் 1932ல் வெளியிட்ட கலாட்ராவா ஆண்களுக்கானது, விட்டம் 31 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. நீங்கள் சொல்கிற செவ்வக வடிவத்துக்கு முன்னோடியான கார்டியே டாங்க் 1917ல் வரையப்பட்டு 1919ல் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் அதே டாங்க் வரிசையில் குவார்ட்ஸ் ஏராளமாக வந்துவிட்டது. படெக் பிலிப்பே 1999ல் ட்வென்டி ஃபோர் என்ற பெண்கள் வாட்சை குவார்ட்ஸில்தான் வெளியிட்டது. எஃப்.பி. ஜூர்ன் மெக்கானிக்கல் வாட்சுகளுக்காகவே கொண்டாடப்படும் பெயர். அவர்களும் எலெகான்ட் என்று ஒரு வாட்ச் செய்கிறார்கள், பேட்டரியில் ஓடுவது. கழற்றி வைத்தால் அரை மணிக்கு மேல் ஆனதும் முள்ளெல்லாம் நின்றுவிடும், மறுபடி கையில் எடுத்ததும் தானே சரியான நேரத்துக்கு ஓடி வந்து நிற்கும். ஆக, நீங்கள் தனியாக இல்லை.

ஆனால் தம்பி சொல்லாத ஒரு குறையை நான் சொல்லியாக வேண்டும். மெக்கானிக்கல் வாட்சில் ஒரு சக்கரம் உடைந்தால், நல்ல கைக்காரர் ஒருவர் அதைக் கடைந்து போட்டுவிடுவார். எழுபது வருடப் பழைய வாட்சுகள் அப்படித்தான் ஓடுகின்றன. குவார்ட்ஸில் மின்சுற்று போய்விட்டால் அதே சுற்று கிடைத்தால்தான் உண்டு. அதனால் வாங்கும்போது, உள்ளே இருக்கும் இயந்திரத்தை முழுதாக மாற்ற முடியுமா, எத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் தருவீர்கள் என்று கேளுங்கள். இன்னொன்று பேட்டரி. சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் அம்மாவின் குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டுவந்தார். வெளியே தங்கம் புத்தம் புதிதாக இருந்தது. பின்மூடியைத் திறந்தால் பேட்டரியைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போன உப்பு, செப்புக் கம்பிச் சுருள் வரைக்கும் பரவியிருந்தது. தீர்ந்த பேட்டரியோடு பல வருடம் அலமாரியில் கிடந்திருக்கிறது. வாட்ச் நின்றுபோனால் உடனே பேட்டரியை மாற்றுங்கள், போடப் போவதில்லை என்றால் எடுத்தே வைத்துவிடுங்கள்.

முதலீடு என்ற பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டீலில் ஸ்போர்ட்ஸ் வாட்ச் என்ற மோகம் 1972ல் ஆடெமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக்கில் தொடங்குகிறது, வடிவமைத்தவர் ஜெரால்ட் ஜென்டா. நல்ல வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வாட்சுகளின் மறுவிற்பனை விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் சரிந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் பார்த்தோம். ஏறிய விலைக்கு வாங்கியவர்கள் என் மேஜைக்கு வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. உங்கள் தங்க குவார்ட்ஸும் விற்கப் போனால் வாங்கிய விலைக்குப் போகாது. தங்கத்தின் எடைக்கும் பெயருக்கும் ஏதோ கிடைக்கும், அவ்வளவுதான். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய பணத்தை மட்டும் இதில் போடுங்கள்.

இனி மரகதம். ஆய்வகக் கல்லைப் போலி என்ற தோழியிடம் ஒரு வேலை சொல்லுங்கள். உங்கள் தம்பியிடம் பின்பக்கம் கண்ணாடி வைத்த ஆட்டோமேட்டிக் வாட்ச் இருந்தால் திருப்பிப் பார்க்கட்டும். தகடுகளுக்கு நடுவே ரோஜா நிறத்தில் கடுகளவுக் கற்கள் தெரியும். சக்கரங்களின் அச்சு முனைகள் அந்தக் கற்களின் துளைக்குள்தான் சுழல்கின்றன. உராய்வு குறையும், எண்ணெய் அங்கேயே நிற்கும், தேயவும் தேயாது. பழைய டயல்களில் 17 ஜுவல்ஸ் என்று எழுதியிருப்பார்களே, அந்த ஜுவல்ஸ் இவைதான். எல்லாம் மாணிக்கம், எல்லாமே மனிதன் உருவாக்கியது. பிரான்சில் அகஸ்ட் வெர்னாய் 1902ல் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகு, வாட்சுகளில் பூமியிலிருந்து எடுத்த மாணிக்கத்தைப் பதிப்பது மெல்ல வழக்கொழிந்தது. மேலே இருக்கும் கீறல் விழாத சஃபையர் கண்ணாடியும் செயற்கை நீலக்கல்தான், நிறம் சேர்க்காதது. உலகத்திலேயே விலை உயர்ந்த மெக்கானிக்கல் வாட்சுகளிலும் இதே கதை. அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை.

மரகதத்தையும் 1930களிலிருந்தே வளர்க்கிறார்கள், மாதக்கணக்கில் காத்திருந்து. பூமியில் விளைந்த மரகதத்தில் என்ன பொருள் இருக்கிறதோ அதேதான் இதிலும் இருக்கிறது. பச்சைக் கண்ணாடியை மரகதம் என்று விற்றால் அது போலி. ஆய்வகக் கல்லை இயற்கைக் கல் என்று பில் போட்டால் அது மோசடி. ஆய்வகக் கல்லை ஆய்வகக் கல் என்றே சொல்லி, எழுதியும் கொடுத்தால் அதில் எந்தப் பொய்யும் இல்லை. பிரிட்டிஷ் மகுடத்தின் முன்பக்கம் இருக்கும் பெரிய சிவப்புக் கல்லுக்குக் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர். அது மாணிக்கம் இல்லை, ஸ்பினல் என்ற வேறொரு கல். தெரிந்த பிறகும் மகுடத்திலிருந்து அதை எடுக்கவில்லை, அதன் அழகும் குறையவில்லை. ஆனால் மறுவிற்பனையை மறந்துவிடுங்கள். ஆய்வகக் கல்லுக்கு அநேகமாக எதுவும் கிடைக்காது.

தினமும் போடுவேன் என்கிறீர்களே, அங்கேதான் என் பயம். சென்ற வருடம் ஒரு அம்மா பதறிப்போய் வந்தார். சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் என் மரகதத்தை மாற்றிவிட்டார்கள் என்று அழாத குறை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். கல் அதேதான். இயற்கை மரகதத்துக்குள் நுண்ணிய பிளவுகள் இருப்பது சகஜம், அது தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றுவதும் சகஜம். அவருடைய மோதிரத்தை அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். அதிர்வில் எண்ணெய் வெளியேறி, உள்ளே மறைந்திருந்த பிளவுகள் எல்லாம் வெள்ளை நூல் போலத் தெரிந்தன. ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குச் சில்லும் பெயர்ந்திருந்தது. அது எங்கேயோ கதவில் இடித்தது, எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

ஆய்வக மரகதத்தில் பொதுவாகப் பிளவுகள் குறைவு, எண்ணெயும் பெரும்பாலும் தேவைப்படாது. அந்த வகையில் தினசரி மோதிரத்துக்கு உங்கள் தேர்வு இயற்கைக் கல்லைவிட மேல். என்றாலும் மரகதம் மரகதம்தான், அடி தாங்காது. கல்லைக் கொக்கிகளில் உயர்த்திப் பதிக்காமல், சுற்றிலும் தங்கத்தால் அணைத்து, விரலோடு ஒட்டித் தாழ்வாகப் பதிக்கச் சொல்லுங்கள். மூலை வெட்டிய எண்கோணப் பட்டை இந்தக் கல்லுக்காகவே வந்தது, கூர்மையான மூலைதான் முதலில் உடையும் என்பதால். தங்கம் 18 கேரட் போதும். 22 கேரட் பார்க்க அழகு, ஆனால் கல்லைப் பிடித்து நிற்க மென்மை அதிகம். பச்சைதான் வேண்டும், மரகதமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையென்றால் கார்னெட் வகையைச் சேர்ந்த சாவரைட் என்ற பச்சைக் கல்லைப் பாருங்கள். 1967ல் தான்சானியாவில் கண்டெடுத்தார்கள், கென்யாவின் சாவோ பகுதியின் பெயரை 1974ல் வைத்தார்கள். எண்ணெய் ஏற்ற வேண்டிய தேவை இல்லாத, பளிச்சென்ற பச்சை. எனக்கு மரகதத்தைவிட இதுவே பிடிக்கும். இந்தக் கருத்துக்கு என்னோடு வேலை செய்பவர்களே முகம் சுளிப்பார்கள்.

கடைசியாக வைரம். அதன் புகழில் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் நீங்கள் சொல்வது சரி. வைரம் என்றென்றைக்கும் என்ற வாசகம் 1947ல் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுதப்பட்டது, எழுதியவர் பிரான்சிஸ் ஜெரிட்டி என்ற பெண். திருமணம் என்றால் வைர மோதிரம் என்ற எண்ணம் உலகமெங்கும் வேரூன்றியதில் அதற்குப் பங்கு பெரிது. வைரம் உடையவும் உடையும். கடினத்தில் அதற்கு இணை இல்லை, ஆனால் குறிப்பிட்ட நான்கு திசைகளில் அடி பட்டால் பிளந்துவிடும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் கல் மிச்சம் இருக்கிறது. அதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கடைக்குப் போய் வரிசையாக அடுக்கியதைப் பார்க்க வேண்டாம். அங்கே கூரையில் நூறு விளக்கு எரியும், கண்ணாடித் துண்டும் மின்னும். பழைய நகை விற்பவரிடம், மின்விளக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் பட்டை தீட்டிய ஒரு வைரத்தைக் கேளுங்கள். இன்றைய வட்டப் பட்டைக்கு அடிப்படையான கணக்கை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919ல் வெளியிட்டார். அதற்கு முன் பட்டை தீட்டியவர்கள் கண்ணை நம்பினார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று யோசித்தார்கள். அதனால் பட்டைகள் பெரிதாக, கொஞ்சம் கோணலாக இருக்கும். கல்லின் அடிமுனையில் சின்னதாக ஒரு தட்டையான பட்டை வெட்டியிருப்பார்கள், மேலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு வட்டப் புள்ளி தெரியும். ஒரே ஒரு மஞ்சள் விளக்கின் கீழே அதைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பளீரென்று அடிக்காது. ஒரு பக்கம் இருண்டு, மறுபக்கம் ஒரு கீற்று சிவப்போ நீலமோ கிளம்பி, நிதானமாக நகர்ந்து போகும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில் உங்களைப் போலவே வைரத்தை ஒதுக்கினேன். இப்படி ஒரு கல்லைப் பார்த்த மாலையோடு அது நின்றுபோனது.

பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், சரி, பிடிக்கவில்லை. அப்போது உங்கள் கடிதத்தில் கல்லைப் பற்றி ஒரு வரி இருக்கும். எனக்கே பிடிக்காதவை நிறைய உண்டு. டயலில் ஓட்டை போட்டுத் தேதி காட்டுவது பிடிக்காது. வாட்ச் வாங்கிய பிறகு அதன் விளிம்பில் வெளியாள் வைத்து வைரம் பதிப்பது பிடிக்காது. வெள்ளைத் தங்கத்தின் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகம் என்பதால் அதுவும் எனக்கு ஆகாது, பூச்சு தேய்ந்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். இவை எல்லாவற்றையும் மேஜையில் வைத்துப் பல நாள் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

வாட்ச் வாங்கப் போகும்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் என்ன நினைத்தாலும் பின்மூடி சரியாகப் பொருந்துகிறதா, ஸ்ட்ராப் கொக்கி எந்தத் தங்கம், முள் சரியாக எண்ணின் மேல் நிற்கிறதா என்பதையெல்லாம் உங்களைவிடக் கூர்ந்து பார்ப்பார். மோதிர அளவை மட்டும் காலையில் எடுக்காதீர்கள், விரல் அப்போது மெலிந்திருக்கும். சாயங்காலம் எடுங்கள், கை சில்லிட்டிராத நேரத்தில். அந்தப் பழைய வைரத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், என்ன நிறம் தெரிந்தது என்று.